மனோசக்திக்காரர் மந்திரவாதியின் நகலாகத் தெரிந்தால்

உங்கள் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தில் மனோசக்திக்காரர் (மந்திரமில்லாமல் மனவலிமையால் செயல்படும் பாத்திரம்) 'பெயர் மாற்றிய மந்திரவாதி' மாதிரியே இருக்கிறார், எப்படி வேறுபடுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். சக்தியைப் பயன்படுத்தச் செலவாகும் புள்ளிக் கணக்கை மாற்றினால் மட்டும் தீராது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இவ்வகை ஆட்டத்தின் 3.5 பதிப்பில் மனோசக்திக்காரர் கூடுதல் சக்திப் புள்ளிகள் செலவழித்து அதே சக்தியை வலுவாக்கலாம். நல்ல விதிதான், ஆனால் அது கணக்கு வேறுபாடு மட்டுமே.

இரண்டு சக்திகளின் மூலத்தையும் வேறு வேறாகப் பிரித்துவிடுங்கள். மந்திரம் கற்றுக்கொண்டது: ஏடு, உச்சாடனம், கையசைவு வேண்டும். வாயைக் கட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். மனோசக்திக்கு இதெல்லாம் தேவையில்லை. ஆனால் பயம், வலி, தூக்கமின்மை அதைக் குலைக்கட்டும். அப்போது சிறைக் காட்சியில் வாய் கட்டப்பட்ட மந்திரவாதி முடங்குவார், மனோசக்திக்காரர் ஆபத்தானவர்.

அப்புறம், நெருப்புப் பந்தை வீசும் மந்திரவாதித் திறனை மனோசக்திக்காரரிடமிருந்து எடுத்துவிடுங்கள். எண்ணம் படித்தல், பொருள் நகர்த்தல் என இரண்டு மூன்று திறன்கள் போதும், ஆழமாக இருக்கட்டும். மந்திர முறியடிப்பு (எதிராளியின் சக்தியைச் செயலிழக்கச் செய்வது) மட்டும் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் மனோசக்திக்காரரைத் தடுக்க ஆளே இருக்காது.