தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை: மைக் முன்னால் என்ன பேசுவது?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் மத்திய நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் ஏழாவது, மகன் இரண்டாவது. இருவருக்கும் பொதுப் பள்ளிதான். எங்கள் ஸ்கூல் போர்டு 2026-27, 2027-28 இரண்டு வருடத்துக்கும் சேர்த்து நாட்காட்டி போடுகிறது. நவம்பரில் உருப்படியாக ஒரு முழு வாரம் இல்லை, ஜூன் கடைசி வரை பள்ளி இழுக்கிறது, அதனால் தீபாவளி, ஈத், சீனர்கள் கொண்டாடும் சந்திரப் புத்தாண்டு மூன்றையும் விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. “வேலைக்குப் போகிற அம்மாக்களை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா?” என்று மகனின் நண்பனுடைய அம்மாவே எழுதினார். அதிலிருந்து பஸ் ஸ்டாப்பில் இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. நம் ஆட்கள் எல்லோரும் போர்டு மீட்டிங்கில் என்னைத்தான் பேசச் சொல்கிறார்கள். கணவரோ, “வந்த இடத்தில் நமக்கெதுக்கு வம்பு” என்கிறார். பொங்கலையும் சேர்த்துக் கேள் என்று இன்னொரு கோஷ்டி. 2024-ல் இங்கே விடுமுறை விட்டது நவம்பர் 1, வெள்ளிக்கிழமை. நமக்குத் தீபாவளி வியாழக்கிழமையே முடிந்துவிட்டது! நான் பேசலாமா? என்ன பேசுவது? போதாததற்கு மகள், பொங்கலுக்கு லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போய்விடும் என்று அடம்பிடிக்கிறாள்.

— பெயர் வேண்டாமே, நியூ ஜெர்சி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

பேசுங்கள். உங்கள் கணவரின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. விசாவிலோ கிரீன் கார்டு வரிசையிலோ இருப்பவர்களுக்கு அந்தப் பயம் உடம்போடு ஒட்டியது. ஆனால் போர்டு மீட்டிங்கில் பேசக் குடியுரிமை தேவையில்லை. ஓட்டுப் போடத்தான் அது வேண்டும். நியூ ஜெர்சியில் நீங்கள் கட்டும் சொத்து வரியில் பெரும் பகுதி பள்ளிக்கே போகிறது. வாடகை வீடு என்றாலும் அது வாடகைக்குள் இருக்கிறது. பிள்ளையும் அங்கே படிக்கிறது. இதற்கு மேல் என்ன உரிமை வேண்டும்?

மைக்குக்குப் போவதற்கு முன்னால் பஸ் ஸ்டாப்புக்குப் போங்கள். அந்த அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

2024 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1-ஆம் தேதி வெள்ளி தீபாவளி. 5-ஆம் தேதி செவ்வாய் தேர்தல். பள்ளிக் கட்டடம் ஓட்டுச்சாவடி ஆகிவிடுவதால் பல ஊர்களில் லீவு. 7, 8 ஆகிய வியாழனும் வெள்ளியும் அட்லாண்டிக் சிட்டியில் ஆசிரியர் சங்க மாநாடு. மாநிலம் முழுக்க அந்த இரண்டு நாளும் பள்ளிகள் மூடித்தான் இருக்கும். 28, 29 தேங்க்ஸ்கிவிங். இத்தனையும் ஒரே மாதத்தில். நம் வீடுகளில் ஒருவராவது சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு சமாளித்துவிடுவோம். சில வீடுகளில் ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ ஆறு மாதத்துக்கு வந்திருப்பார்கள். ஷிப்டுக்குப் போகிற நர்ஸுக்கும் கடையில் மணிக்கணக்குச் சம்பளம் வாங்குகிறவருக்கும் அப்படி இல்லை. ஒன்று அன்றைய கூலி போகும், இல்லையென்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கூலி போகும். பள்ளியில் கிடைக்கிற காலை உணவையும் மதிய உணவையும் நம்பியிருக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், உங்கள் ஊரிலேயே.

(அந்த ஆறு நாளில் நம்முடையது ஒன்றுதானே, மாநாட்டு நாளை ஏன் யாரும் கேட்பதில்லை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கூட்டத்தில் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள். முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆசிரியர்களாக இருப்பார்கள்.)

அதனால் நீங்களாகவே போய்ப் பேச்சுக் கொடுங்கள். “லீவு விட்டால் அன்றைக்கு உங்கள் பையன் எங்கள் வீட்டில் இருக்கட்டும்” என்று சொல்லுங்கள். அப்புறம், கூட்டத்தில் என்ன கேட்டால் உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று அவரையே கேளுங்கள். அநேகமாகச் சொல்வார்: பள்ளி மூடுகிற நாளில், பள்ளி முடிந்தபிறகு நடக்கும் அந்த ஆஃப்டர்கேரைக் காலையிலிருந்தே திறந்துவையுங்கள், கட்டணத்தைக் குறையுங்கள் என்று. அதை உங்கள் கோரிக்கையில் முதலாவதாக வையுங்கள். முடிந்தால் அவரையே வந்து சொல்லச் சொல்லுங்கள்.

குழுவில் நடக்கிற சண்டையில் பாதி வெற்றுச் சண்டை. “பிள்ளைகளுக்குப் படிப்பு போகிறது” என்கிறார்களே, அது சரியில்லை. நியூ ஜெர்சியில் மாநில நிதி வாங்க வேண்டுமானால் 180 நாள் பள்ளி நடத்தியே ஆக வேண்டும். தீபாவளிக்கு ஒரு நாள் மூடினால் அந்த நாள் ஜூனில் போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பனி அதிகம் கொட்டி, ஒதுக்கிவைத்த நாட்கள் தீர்ந்துபோனால் அதுவும் அங்கேயே போய்ச் சேரும். ஜூன் பற்றிய புகாரோ உண்மையானது. ஏசி இல்லாத பழைய கட்டடத்தில் ஜூன் 24-ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்கு யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை. அதை மறுத்துப் பேசினால் உங்கள் மற்ற பேச்சும் எடுபடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். “அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் இருக்கிறது, எங்களுக்கு ஏன் இல்லை” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கேட்க நன்றாக இருக்கும், கைதட்டல்கூடக் கிடைக்கும். ஆனால் அமெரிக்கப் பொதுப் பள்ளி ஒரு மதத்துக்கு மரியாதை செய்வதற்காக மூட முடியாது. அதற்கு மதம் சாராத காரணம் வேண்டும். இல்லினாயில் புனித வெள்ளிக்குப் பள்ளிகளை மூடச் சொன்ன மாநிலச் சட்டமே 1995-ல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அதற்கே அந்த கதி.

செல்லுபடியாகிற காரணம் காலி நாற்காலிகள். நியூயார்க் நகரம் 1960 வாக்கில் யூதர்களின் ரோஷ் ஹஷானாவுக்கும் யோம் கிப்பூருக்கும் பள்ளிகளை மூட ஆரம்பித்தது பாசத்தினால் இல்லை. யூத ஆசிரியர்கள் அவ்வளவு பேர் லீவு போட்டால் வகுப்பு எடுக்க ஆள் இல்லை. அதே நகரம் 2015-ல் இரண்டு ஈத் நாட்களைச் சேர்த்தது, அடுத்த ஆண்டு சந்திரப் புத்தாண்டு, 2023-ல் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் தீபாவளி. ஒவ்வொன்றுக்கும் பல வருடம் அலைந்திருக்கிறார்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளிகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்டிரிக்ட்டிலும் எண்ணிக்கையைக் கேளுங்கள். தீபாவளியன்று பள்ளி நடந்த கடைசி வருடத்தில் எத்தனை மாணவர்கள் வரவில்லை? எத்தனை மாற்று ஆசிரியர்களைத் தேடினார்கள்? ஈதுக்கு எவ்வளவு, சந்திரப் புத்தாண்டுக்கு எவ்வளவு? பள்ளி அலுவலகம் மழுப்பினால், ‘ஓப்ரா’ என்று எல்லோரும் சொல்கிற பொதுப் பதிவேடுகள் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒரு வேளை எண்ணிக்கை ரொம்பக் குறைவாக வந்தால்? அப்போது நீங்கள் கேட்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. நம் பண்டிகை சின்னது என்று அர்த்தமில்லை. பத்து பிள்ளைகளுக்காக ஐயாயிரம் பிள்ளைகளின் பள்ளியை மூடச் சொல்வது நியாயமில்லை.

எண்ணிக்கை கணிசமாக இருந்தால், அதற்கென்று தனியாக ஒரு விடுமுறை கேட்காதீர்கள். எல்லா டிஸ்டிரிக்ட்டிலும் வருடத்துக்குச் சில நாட்கள் ஆசிரியர் பயிற்சிக்கென்று இருக்கின்றன. அன்று ஆசிரியர்கள் வருவார்கள், பிள்ளைகளுக்கு லீவு. அதில் ஒரு நாளைத் தீபாவளிக்கும் இன்னொன்றை ஈதுக்கும் நகர்த்தச் சொல்லுங்கள். ஜூனில் ஒரு நாள்கூட அதிகமாகாது. பல டிஸ்டிரிக்ட்டுகள் சத்தமில்லாமல் இப்படித்தான் செய்கின்றன. இதில் இந்து ஆசிரியர்களும் முஸ்லிம் ஆசிரியர்களும் பண்டிகை நாளில் பயிற்சிக்கு வர வேண்டியிருக்கும், அல்லது சொந்த விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். அது குறைதான்.

இன்னொன்று. தனியாகப் போகாதீர்கள். முஸ்லிம் பெற்றோரையும் சீனப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 2014-ல் மேரிலாந்தில் மான்ட்கோமெரி கவுன்டியில் முஸ்லிம் குடும்பங்கள் ஈதையும் நாட்காட்டியில் போடுங்கள் என்று கேட்டபோது, போர்டு ஏழுக்கு ஒன்று என்ற ஓட்டில் என்ன முடிவு எடுத்தது தெரியுமா? கிறிஸ்துமஸ், யோம் கிப்பூர், எல்லாப் பெயரையும் அழித்துவிட்டார்கள். அந்த நாட்களில் பள்ளி மூடியேதான் இருந்தது, பெயர் மட்டும் இல்லை. கேட்டவர்களுக்கும் கிடைக்கவில்லை, கேட்காதவர்களுக்கும் மனஸ்தாபம். மூன்று பண்டிகையையும் ஒரே மூச்சில் எடுக்கப் பார்க்கிறவர்கள் முன்னால் நீங்கள் மூன்று கோஷ்டியாக நின்றால், ஒவ்வொன்றாக எடுப்பது அவர்களுக்கு இன்னும் சுலபம்.

வியாழனா வெள்ளியா என்ற வழக்கைத் தயவுசெய்து மைக்கில் கிளப்பாதீர்கள். நாம் நரக சதுர்த்தசியன்று விடியற்காலையில் கொண்டாடுகிறோம். வடக்கே அமாவாசை மாலை லட்சுமி பூஜை. சில வருடம் இரண்டும் ஒரே நாளில் அமையும், 2025 அக்டோபர் 20 போல. சில வருடம் ஒரு நாள் தள்ளும். போர்டு உறுப்பினர்களுக்கு இதை விளக்கத் தொடங்கினால் உங்களுக்குப் பேசக் கிடைக்கிற மூன்று நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும், கடைசியில் “உங்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லையே” என்ற எண்ணம்தான் அவர்களுக்கு மிஞ்சும். நமக்கு இதில் பெரிய நஷ்டமும் இல்லை. நம் தீபாவளியின் முக்கால்வாசி சூரியன் வருவதற்குள் முடிந்துவிடுகிறது. எண்ணெய் தேய்த்து, பாத் டப்பில் வழுக்காமல் நிற்கவைத்துத் தலைக்கு ஊற்றி, லேகியத்தை வாயில் திணித்து, புதுத்துணி போட்டு, இட்லி கொடுத்து ஏழரை மணி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். மூன்றாவது பீரியடில் பிள்ளை தூங்கி விழும், அவ்வளவுதான். மறுநாள் லீவு என்றால் தூங்கித் தீர்த்துக்கொள்ளட்டும்.

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஆகவே நீங்கள் பேசும்போது முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: “2026-27-ல் எங்களுக்கு விடுமுறை வேண்டாம், திங்கட்கிழமையும் ஈடாகத் தர வேண்டாம்.” பிடிவாதக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் அங்கேயே கொஞ்சம் தளரும். அதற்கப்புறம் எண்ணிக்கை, பயிற்சி நாள் யோசனை, ஆஃப்டர்கேர். பேரும் ஊரும் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் பெரும்பாலான போர்டுகளில் மூன்று நிமிடம்தான். மணி அடித்தால் பாதி வாக்கியத்திலேயே நிறுத்தச் சொல்வார்கள். எழுதிவைத்துக்கொண்டு, வீட்டில் ஒரு தடவை சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள். கணவரைக் கடிகாரம் பிடிக்கச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு வேலை.

கேட்டது கிடைக்கவில்லை என்றால் கையில் இரண்டாவது கோரிக்கை இருக்கட்டும். வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி 2021-ல் 15 பண்டிகை நாட்களைக் குறித்து, பள்ளி நடக்கும், ஆனால் அன்று தேர்வு கிடையாது, புதுப் பாடம் கிடையாது என்று வைத்தது. லீவு போடுகிற பிள்ளைக்கு நஷ்டமில்லை, வேலைக்குப் போகிற அம்மாவுக்கும் தலைவலி இல்லை. என்னைக் கேட்டால் சின்ன ஊர்களுக்கு இதுவே போதும்.

பொங்கலைக் கேட்காதீர்கள். காலி நாற்காலிக் கணக்கில் நாம் நிற்க மாட்டோம். ஒரு வகுப்பில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் அதிகம். பொங்கல் என்றால் அடுத்து உகாதி, ஓணம், வைசாகி என்று வரிசை நீளும், போர்டு வாசலையே சாத்திவிடும். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவைச் சனிக்கிழமைக்கு நகர்த்திப் பல காலம் ஆகிறது.

வீட்டில் அன்றே பால் பொங்க வேண்டும், பிள்ளையும் கூட இருக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. மகளின் அட்டெண்டன்ஸ் கவலைக்கும் அதுதான் பதில். மதப் பண்டிகைக்காகப் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தோடு பிள்ளை லீவு எடுத்தால், அதை அனுமதிக்கப்பட்ட விடுப்பாகப் பதிய வேண்டும் என்று நியூ ஜெர்சி சட்டம் சொல்கிறது. அன்று நடந்த தேர்வைப் பின்னால் எழுத வாய்ப்புத் தர வேண்டும். அந்த விடுப்பைக் காரணம் காட்டி எந்தப் பரிசையும் மறுக்கக் கூடாது. எந்தெந்தப் பண்டிகைகள் என்று மாநிலக் கல்வி வாரியம் நீளமான பட்டியல் வெளியிடுகிறது. அது குறைந்தபட்சப் பட்டியல்தான், உள்ளூர் போர்டு அதில் நாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் டிஸ்டிரிக்ட் பட்டியலில் பொங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி, டிஸ்டிரிக்ட்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், அதற்கெல்லாம் மைக் வேண்டாம். சட்டத்தின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மகள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை அம்மா சொல்வதை நம்பாது, அச்சில் இருந்தால் நம்பும்.