கேட்டால் படித்த கணக்கில் வருமா?

கேள்வி: தன்வரலாறு, வரலாறு மாதிரியான புத்தகங்களை ஒலிப்புத்தகமாகக் கேட்டுவிட்டு 'படித்தேன்' என்று சொல்லலாமா? கேட்டால் மனதில் ஏதாவது தங்குமா?

தாராளமாகச் சொல்லுங்கள். நீங்களும் என்னைப் போல வேலைக்குப் போய் வருகிறவராகத்தான் இருப்பீர்கள். உட்கார்ந்து பக்கம் புரட்ட நேரமில்லை, யாரோ ஒருவர் மட்டம் தட்டியிருப்பார், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள்.

எனக்கும் நடந்தது. போன வருஷம் வேலூரில் ஒரு புத்தகக் கூட்டம். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பற்றிப் பேச எழுந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "எந்தப் பதிப்பு படிச்சீங்க?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். "செல்போன்ல கேட்டேன் சார்" என்றேன். "அப்போ படிச்சவங்க பேசட்டும்மா" என்றார். உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வாயில் வராததை இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊர் குடியாத்தம். அம்மா பீடி சுத்துகிறவர். பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை, கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் மகாபாரதத்தில் எந்தக் கட்டத்தைக் கேட்டாலும் சொல்வார். எங்கள் பக்கத்தில் திரௌபதியம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. சின்ன வயசிலிருந்து வருஷா வருஷம் உட்கார்ந்து கேட்டவர். கர்ணன் குண்டலத்தைக் கழற்றிக் கொடுத்த கதையை அம்மா சொன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட சோற்றுத்தட்டோடு வந்து உட்காரும். அவருக்குப் பாரதம் தெரியாது என்று சொல்ல யாருக்காவது மனசு வருமா?

நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் திண்ணையில் நாலு பேர் மடியில் முறத்தோடு உட்கார்ந்து பீடி சுத்துவார்கள். நான் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்க வாசிப்பேன். இலையில் தூளை வைத்து, உருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கும் வரை யார் கண்ணும் நிமிராது. காது மட்டும் என்னிடம் இருக்கும். ஒரு வரியைத் தாண்டிப் படித்துவிட்டால் போதும், "ஏய், இன்னாடி முழுங்கற?" என்று அம்மா கண்டுபிடித்துவிடுவார். கேரளாவில் கண்ணூர்ப் பீடிக் கம்பெனிகளில் முன்பெல்லாம் இப்படி வாசிக்கிறவருக்கென்று மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து பீடி ஒதுக்கிக் கொடுப்பார்கள் என்றும், கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதலே வாசிப்பவர் உண்டு என்றும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கிடைத்த கூலி ஒரு பிடி பொட்டுக்கடலை.

பீடி என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டுக்கு 25 பீடி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா கொண்டுபோய்க் கொடுக்கும் ஏஜென்ட் நாலு கட்டை 'சரியில்லை' என்று தள்ளுவார். தள்ளியதைத் திருப்பித் தருவாரா என்றால் தரமாட்டார், அவரே வைத்துக்கொள்வார். சரியில்லாத பீடி அவருக்கு எதற்கு? பீடித் தொழிலாளர் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. எங்கள் திண்ணைக்கு அது வந்து சேரவில்லை. கழிந்தது போக வந்த அந்தக் கூலியில்தான் நான் பி.காம். படித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது வேலூரில் கணக்கு எழுதும் வேலை. கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாகப் பஸ்ஸில் போக வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அதில்தான் கேட்கிறேன். எல்லாவற்றையும் கேட்டே முடித்துவிடலாம் என்று நான் சொல்லவே இல்லை, சண்டைக்கு வராதீர்கள். 1806 வேலூர்ப் புரட்சி பற்றி ஒன்று கேட்டேன். ஜூலை 10 விடிவதற்கு முன்பே சிப்பாய்கள் எழுந்ததும், வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி அதை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்ததும் அப்படியே கண்ணில் நிற்கிறது. அந்த 25 கிலோமீட்டர் ரோடு எனக்குத் தெரியும், அதனால் நின்றது. ஆனால் 1-வது, 23-வது, 69-வது என்று ரெஜிமென்ட் எண்களாக வந்ததும் யார் எந்தப் பக்கம் என்றே குழம்பிவிட்டது. லத்தேரிக்குள் மூன்று முறை பின்னால் தள்ளிக் கேட்டேன். கடைசியில் அச்சுப் புத்தகம் வாங்கிப் பென்சிலால் கோடு போட்டுத்தான் தெளிந்தேன். எண்ணும் வாதமும் நிறைந்த புத்தகத்துக்குத் தாள் வேண்டும்.

தன்வரலாறு அப்படி இல்லை. அது ஒருத்தர் நம் எதிரில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்வது. வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்காதீர்கள். எழுதியவர் தயங்கிய இடத்தில் வாசிப்பவரும் தயங்க வேண்டும். ழகரம் வராத கம்ப்யூட்டர் குரல் என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். உ.வே.சா. தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்ததை எப்படிச் சொல்கிறார்? 'பாடம் கேட்டேன்' என்றுதானே! பிள்ளையவர்கள் செய்யுளை வாயால் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் ஒருவர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார். இதெல்லாம் வருகிற புத்தகத்தைக் காதால் கேட்டேன் என்றதற்குத்தான் என்னை உட்காரச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பீடி சுத்தும்போது பக்கத்தில் செல்போனை வைப்பேன். "ஐயரு கதையா? வெய்யி" என்பார். 1876-ல் பிள்ளையவர்கள் இறக்கும் கட்டம் வந்தது. அவர் கேட்க, இருபத்தோரு வயசுகூட நிறையாத உ.வே.சா. பக்கத்தில் உட்கார்ந்து திருவாசகம் வாசிக்கிறார். அதைக் கேட்டபடியே உயிர் பிரிகிறது. அம்மாவின் கட்டைவிரல் பாதி உருட்டிய இலைமேல் அப்படியே நின்றது. தூள் முறத்தில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. "கேட்டுக்கினே பூட்டாரா" என்றார். நான் செல்போனை நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தப் புத்தகம் முற்றுப்பெறாதது. 1940-லிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்துகொண்டிருந்தது, 1942 ஏப்ரலில் அவர் இறந்ததும் 122-வது அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. கடைசி அத்தியாயம் ஓடி முடிந்த அன்று அம்மா கொஞ்ச நேரம் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பால இன்னாடி ஆச்சி?"

"அவ்ளோதான்மா. எழுதிக்கினு இருக்கும்போதே செத்துட்டாரு."

அம்மா முறத்தை மடியில் சரியாக இழுத்து வைத்துக்கொண்டு ஊறிய இலையை எடுத்தார். "மொதல்லருந்து வெய்யி" என்றார்.