வெகுஜனப் பொருளாதாரப் புத்தகங்கள்: வாங்கலாமா, இரவலே போதுமா? (கேள்வி பதில்)

கணக்குப்பிள்ளை: வணக்கம் சார். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆளாளுக்கு ஒரு புத்தகம் சிபாரிசு செய்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு அவற்றில் சரக்கு இருக்கிறதா?

பதில்: சிலவற்றில் இருக்கிறது. படிப்பது வேறு, வாங்குவது வேறு. ஒரு தடவை படித்ததும் திரும்பத் தொடப்போவதில்லை என்றால் நூலகமே போதும். வாங்கும் எண்ணம் இருந்தால் 20 நிமிடம் கையில் வைத்துப் புரட்டுங்கள்.

முதலில் பதிப்புரிமைப் பக்கம். அட்டையில் ‘புதிய பதிப்பு’ என்று இருக்கும், முன்னுரை மட்டும்தான் புதுசாக இருக்கும். முதல் பதிப்பின் ஆண்டுதான் தரவுகளின் வயது.

அடுத்து நேரே நடு அத்தியாயத்துக்குப் போங்கள். முதல் அத்தியாயம் இழைத்து இழைத்து மெருகேற்றியது, அதை வைத்து எடை போட முடியாது. பத்திரிகைக் கட்டுரையாகப் பிறந்து 300 பக்கத்துக்கு இழுக்கப்பட்டவை ஏராளம். அந்த இழுவை நடுவில்தான் தெரியும்.

அங்கே உங்களை ‘அட!’ போடவைக்கும் ஒரு வாக்கியத்தைப் பிடியுங்கள். அதற்கான பின்குறிப்பைத் தேடுங்கள். அது ஆய்வுக் கட்டுரையைக் காட்டினால் நல்லது. செய்தித்தாளைக் காட்டினால் அரை மதிப்பெண். ஆசிரியரின் முந்தைய புத்தகத்தையே காட்டினாலோ, குறிப்பே இல்லாவிட்டாலோ, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ராப்பூனை: ‘ஃப்ரீக்கனாமிக்ஸ்’ 2005இல் வந்தது. இப்போது வாங்கினால் பழைய கஞ்சியா?

பதில்: படிக்கலாம். ஆனால் கருக்கலைப்பு பற்றிய அத்தியாயத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். அமெரிக்காவில் 1973இல் கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் என்றானது, 1990களில் குற்றங்கள் குறைந்தன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று புத்தகத்தின் ஆசிரியர்களில் ஒருவரான லெவிட்டும் டோனஹ்யூ என்பவரும் 2001இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். புத்தகம் அதைத்தான் எளிமையாகச் சொல்கிறது.

புத்தகம் வந்த அதே ஆண்டில் ஃபூட், கோட்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு ஆண்டிலும் பொதுவாக நடந்த மாற்றங்களைக் கழித்துவிட்டதாக அந்த 2001 கட்டுரை சொல்லியது. ஓடிய கணினி நிரலில் அந்தக் கழிப்பு இல்லை. இன்னொரு குறை, தலைக்கு எத்தனை கைது என்று பார்க்காமல் மொத்தக் கைதுகளை எடுத்திருந்தார்கள். இரண்டையும் சரிசெய்ததும் அந்தக் குறிப்பிட்ட அட்டவணையின் முடிவு கரைந்துபோனது. லெவிட்டும் டோனஹ்யூவும் பிழையை ஒப்புக்கொண்டார்கள், மேம்பட்ட தரவைப் போட்டால் தொடர்பு மிஞ்சுகிறது என்று வாதிட்டார்கள். சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

என் கவலை பிழை நடந்ததில் இல்லை. ஆய்விதழில் ஒரு முடிவு அடிபட்டால் மறுப்பும் பதிலும் அங்கேயே அச்சாகும். வெகுஜனப் புத்தகத்தில் அந்த வசதி கிடையாது. நீங்கள் வாங்கிய பிரதி வாங்கிய நாளன்று இருந்தபடியே இருக்கும். அதனால்தான் ஆண்டைப் பாருங்கள் என்கிறேன்.

சும்மாஒருத்தன்: இதையெல்லாம் படித்தால் பங்குச் சந்தையில் சம்பாதிக்கலாமா?

பதில்: முடியாது. இவை பங்கு வாங்கக் கற்றுத்தருவதில்லை.

செங்காந்தள்: ஒரு புத்தகம் குறைந்தபட்ச ஊதியத்தை ஏற்றினால் வேலை போகும் என்கிறது. இன்னொன்று போகாது என்கிறது. இரண்டும் பேராசிரியர்கள் எழுதியவை. எதைத்தான் நம்புவது?

பதில்: இரண்டும் எந்த ஆதாரத்தைக் காட்டுகின்றன என்று பாருங்கள். ‘போகும்’ என்பவர் பெரும்பாலும் தேவை, அளிப்புக் கோடுகளை வரைந்து காட்டுவார். ‘போகாது’ என்பவர் கார்டு, க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்களின் ஆய்வைக் காட்டுவார். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்ச ஊதியத்தை 5.05 ஆக்கியது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் மாற்றமில்லை. இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களில் முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை.

கணக்குப்பிள்ளை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அது தொலைபேசியில் கேட்டுத் திரட்டிய கணக்குதானே? நியூமார்க், வாஷர் என்ற பொருளியலாளர்கள் சம்பளப் பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோது வேலை குறைந்தது என்று வந்ததே!

செங்காந்தள்: அந்தப் பதிவேடுகளை முதலில் திரட்டியதே ஊதிய உயர்வை எதிர்த்தவர்கள் ஆதரவில் இயங்கிய ஒரு அமைப்பு என்று படித்தேன். அதை எப்படி ஏற்பது?

பதில்: இருவரும் பாதி சொல்கிறீர்கள். 2000இல் அந்த மறுப்பும், கார்டு, க்ரூகரின் பதிலும் ஒரே ஆய்விதழில் வந்தன. பதிலில் அவர்கள் அரசின் வேலைவாய்ப்புத் தரவை எடுத்தார்கள். குறிப்பிடத்தக்க சரிவு அதில் தெரியவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. அதனால் விவாதம் முடிந்தது என்று எழுதும் புத்தகத்தையும் நம்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆகாதா? மணிக்கு 100 டாலர் ஆக்கினால்?

பதில்: சரியான கேள்வி. 2019இல் வந்த ஒரு பெரிய ஆய்வு 1979 முதல் 2016 வரை அமெரிக்க மாநிலங்கள் செய்த 138 ஊதிய உயர்வுகளை ஒன்றாகப் பார்த்தது. குறைந்த ஊதிய வேலைகளின் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய மாறவில்லை. ஆனால் அவர்கள் பார்த்ததில் உச்சமே இடைநிலை ஊதியத்தில் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குவது) 59 சதவீதம் அளவுதான். அதற்கு மேல் என்ன ஆகும் என்று அந்தத் தரவு எதுவும் சொல்லாது. நல்ல புத்தகம் ‘இந்த அளவு வரை’ என்று எழுதும். மோசமான புத்தகம் அந்த மூன்று சொல்லையும் விழுங்கிவிடும்.

வேலை ஏன் குறையாமல் இருக்கலாம் என்பதற்கும் விளக்கம் உண்டு. ஒரு பகுதியில் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் சிலவே என்றால், போட்டி இருந்தால் கொடுக்க வேண்டியதைவிடக் குறைவாகவே அவை கொடுத்துவருகின்றன. சட்டம் கொஞ்சம் உயர்த்தினால் லாபம் குறையும், ஆட்கள் குறையவேண்டியதில்லை. உங்கள் புத்தகத்தில் இந்தச் சாத்தியம் ஒரு பத்தியாவது வருகிறதா என்று சொல்லடைவில் தேடிப் பாருங்கள்.

செங்காந்தள்: தேடினேன். முதல் புத்தகத்தில் கார்டு பெயரே இல்லை!

பதில்: அதை இரவல் வாங்கிப் படித்தால் போதும்.

மின்மினி: டேனியல் கானமன் எழுதிய ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’?

பதில்: 2011இல் வந்தது. மறைமுகத் தூண்டல் (கண்ணில் படும் ஒரு சொல்லோ படமோ நமக்கே தெரியாமல் நம் நடத்தையை மாற்றுவது) பற்றிய அத்தியாயத்தைத் தாண்டிப் போங்கள். அதில் உள்ள சோதனைகள் பலவும் மிகச் சிறிய எண்ணிக்கை ஆட்களை வைத்து நடந்தவை, அவற்றின்மேல் அதிக நம்பிக்கை வைத்துவிட்டதாக 2017இல் அவரே எழுதினார். இழப்பு, லாபம், ஆபத்து பற்றிய பகுதி 1979இல் சக உளவியலாளர் ட்வெர்ஸ்கியோடு எழுதிய கட்டுரையின் மேல் நிற்கிறது. அதற்காகவே வாங்கலாம்.

பழையபேப்பர்: இவற்றுக்குப் பதிலாகப் பழைய பாடநூலை மலிவாக வாங்கினால்?

பதில்: தனிமனிதர், நிறுவனம், சந்தை பற்றிப் பேசும் நுண்ணினப் பொருளியலுக்குத் தாராளமாக வாங்குங்கள். வாய்ப்புச் செலவு, தேவை நெகிழ்ச்சி, இறுதிநிலைச் செலவு போன்ற அடிப்படைக் கருத்துகள் எல்லாம் மூன்று பதிப்பு பின்னால் போனாலும் அப்படியேதான் இருக்கும். நாட்டின் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்க்கும் பேரினப் பொருளியலில், அதிலும் பணக் கொள்கை அத்தியாயத்தில், ஏமாந்துபோவீர்கள். வங்கிகள் வைப்புத் தொகையில் ஒரு பங்கைக் கட்டாய இருப்பாக வைக்கும், மிச்சத்தைக் கடன் கொடுக்கும், பணம் பெருகும் என்று பழைய நூல் படம் போட்டிருக்கும். அமெரிக்க மத்திய வங்கி 2008 அக்டோபர் முதல் அந்த இருப்புக்கே வட்டி தருகிறது, 2020 மார்ச்சில் கட்டாய இருப்பு விகிதத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது. ஆக, மறுபடியும் ஆண்டைப் பாருங்கள்! ‘கோர்’ என்ற பொருளியலாளர் குழுவின் ‘தி எகானமி’ பாடநூல் இணையத்தில் இலவசம். மலிவு என்று பார்த்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்.

தென்றல்: ஆரம்பிக்க ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் சார்.

பதில்: இப்போதுதான் மேலே சொன்னேன், ‘தி எகானமி’.

விண்மீன்: இந்தப் புத்தகங்களை வைத்து எந்தப் பங்கு ஏறும் என்று...

பதில்: சும்மாஒருத்தனுக்குச் சொன்னதுதான்.

ராப்பூனை: கடைசியாக ஒன்று. ஒலிநூலாக வாங்கலாமா?

பதில்: கதையோட்டமாகப் போகும் புத்தகம் என்றால் சரி. வரைபடத்தை நம்பி வாதம் செய்யும் புத்தகம் என்றால் வேண்டாம். வாசிப்பவர் ‘படம் 4ஐப் பார்க்கவும்’ என்பார், நீங்கள் பேருந்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். சிறிய திரையுள்ள மின்வாசிப்பானிலும் அட்டவணையின் எண்கள் நசுங்கிப்போகும். மொழிபெயர்ப்பு வாங்குவதானால் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். பின்குறிப்புகளை வெட்டிவிட்ட பதிப்பாக இருந்தால் அந்த 20 நிமிடச் சோதனையே செய்ய முடியாது.