ஜாவாவில் செயலி எழுதினால் ஆரக்கிள் வழக்குப் போடுமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் 12 பேர் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. மளிகைக் கடைகளுக்கான ஆண்ட்ராய்டு செயலியும் அதன் சர்வரும் ஜாவாவில் உள்ளன. "ஆரக்கிள் வழக்குப் போடும், எல்லாவற்றையும் கோட்லின் என்ற வேறு நிரல்மொழிக்கு மாற்று" என்று நண்பர் பயமுறுத்துகிறார். மாற்ற வேண்டுமா, ஐயா?

பதில்: அந்தப் பயத்துக்காக மாற்றாதீர்கள். நண்பர் சொல்லும் வழக்கை 2010-இல் ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் தொடுத்தது, ஆண்ட்ராய்டை உருவாக்கிய கூகுள் மீது. செயலி எழுதியவர்கள் மீது அல்ல. காப்புரிமையை (பேட்டன்ட்) கூகுள் மீறவில்லை என்று 2012-இலேயே ஜூரி சொல்லிவிட்டது. நீண்டு இழுத்தது பதிப்புரிமைச் சண்டைதான். ஜாவா தெரிந்தவர்கள் ஆண்ட்ராய்டுக்கு எளிதாக எழுதட்டும் என்று, ஜாவாவின் ஏபிஐ (தயாராக உள்ள வசதிகளை நிரலிலிருந்து அழைக்கும் முறை) அறிவிப்பு வரிகள் சுமார் 11,500-ஐ கூகுள் அப்படியே எடுத்திருந்தது. அது பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கும் 'நியாயமான பயன்பாடே' என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 எனத் தீர்ப்பளித்தது. ஏபிஐக்குப் பதிப்புரிமை உண்டா என்ற மூலக் கேள்வியை அது தீர்க்காமல் விட்டது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனாலும் உங்கள் செயலிக்கு அதனால் ஆபத்தில்லை. ஆண்ட்ராய்டு 7 முதல் கூகுளே ஜாவாவின் திறந்த மூலப் பதிப்பான ஓப்பன்ஜேடிகேயின் நூலகங்களுக்கு மாறிவிட்டது.

நான் கவலைப்படுவது உங்கள் சர்வரைப் பற்றி. அங்கே கோட்லின் எழுதினாலும் பெரும்பாலும் அடியில் ஓடுவது, ஜாவா நிரலை இயக்கும் அதே ஜேவிஎம் மென்பொருள்தான். 2019 ஏப்ரல் முதல் வந்த ஆரக்கிள் ஜாவா 8 அப்டேட்டுகளை வணிக சர்வரில் ஓட்டக் கட்டணச் சந்தா வேண்டும். 2023 ஜனவரியில் அறிமுகமான சந்தா முறையில் ஊழியர் எண்ணிக்கைதான் கணக்கு. நிரலே எழுதாத கணக்காளரும் அதில் சேர்வார். அப்போதைய பட்டியல் விலை, சிறு நிறுவனங்களுக்குத் தலைக்கு மாதம் 15 அமெரிக்க டாலர். 12 பேருக்கு 180 டாலர், ஒரே ஒரு சர்வர் இருந்தாலும்!

இன்றே சர்வரில் ஜாவா வெர்ஷன் (java -version) கட்டளையை அடித்துப் பாருங்கள். 'ஓப்பன்ஜேடிகே' என்று வந்தால் நிம்மதி. 'ஜாவா எஸ்இ' என்று வந்தால் அது ஆரக்கிளின் பதிப்பு. எந்த எண், எந்த உரிமம் என்று பாருங்கள். சில பதிப்புகளை அப்டேட் செய்யும்போதே உரிமம் மாறிவிடும். சந்தா வேண்டியதாக இருந்தால் டெமூரின், கொரெட்டோ போன்ற இலவச ஓப்பன்ஜேடிகே பதிப்புக்கு மாறுங்கள். முதலில் சோதனை சர்வரில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நிரலில் கை வைக்க வேண்டியிராது. ஓப்பன்ஜேடிகேயின் ஜிபிஎல், சேர்த்துப் பயன்படுத்தும் நிரலையும் திறக்கச் சொல்லக்கூடிய உரிமம்தான்; ஆனால் அதில் கிளாஸ்பாத் என்ற விதிவிலக்கு இருப்பதால், உங்கள் நிரலைத் திறந்து காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதற்குள் உரிமம் பற்றி விசாரித்து ஆரக்கிளிடமிருந்து மின்னஞ்சல் வந்தால், ஊழியர் எண்ணிக்கையை உடனே எழுதி அனுப்பிவிடாதீர்கள். முதலில் அறிவுசார் சொத்து வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.