எந்த எண்ணை முதலில் முடிவு செய்வது? இயற்கைக் காட்சிப் படங்கள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி: "இந்த இடத்துக்கு என்ன செட்டிங் வைக்கணும்?" எண்களைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துவாரத்தின் அளவு, எஃப் எண்ணால் சொல்வது), ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) மூன்றில் எதை முதலில் பூட்டுவது என்பது காட்சிக்குக் காட்சி மாறும். அது தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். பதில்களைப் படிக்கும்போது அதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

வால்பாறையில் முன்னால் தேயிலைச் செடி, பின்னால் மலை, இரண்டும் தெளிவாக வர வேண்டும் என்று எஃப் 22 வைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் எதுவுமே கூர்மையாக இல்லை. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ்தான். லென்ஸ் கெட்டுவிட்டதா? (கல்லூரி மாணவர், பொள்ளாச்சி)

உங்கள் லென்ஸ்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. எஃப் 22தான் காரணம்.

எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தூரத்தை உள்ளே இருக்கும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது. 18 மி.மீ. லென்ஸில் எஃப் 22 என்றால் துவாரம் 0.8 மி.மீ. மட்டுமே. அவ்வளவு சின்ன ஓட்டை வழியாக நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். பள்ளி இயற்பியலில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுதான். சென்சாரில் (படம் பதியும் மின்னணுத் தகடு) ஒரு புள்ளியாக விழ வேண்டிய ஒளி சிறு வட்டமாகப் படர்கிறது. அதனால் செடி, மலை இரண்டும் ஒரே அளவுக்கு மழுங்கும்.

உங்கள் கேமராவுக்கு எஃப் 8 முதல் எஃப் 11 வரை போதும். ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும் தூரம்) போதாதே என்று கவலைப்பட வேண்டாம், ஃபோகஸ் வைக்கும் இடத்தை மாற்றுங்கள். 18 மி.மீ., எஃப் 8 வைத்து, சுமார் 2 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால் 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். எஃப் 11 என்றால் ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் போதும். மலையில் ஃபோகஸ் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மலைக்கு அப்பால் தெளிவு யாருக்கும் தேவையில்லை, அது வீணாகிறது. செடிகளுக்கு நடுவே நாலு எட்டு தூரத்தில் ஒரு கல்லைப் பிடித்து அதில் ஃபோகஸ் வைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் போன்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் 1932இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சேர்ந்து தங்கள் குழுவுக்கு எஃப் 64 என்றே பெயர் வைத்தார்களே, அவர்கள் படங்கள் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கின்றனவே? அவர்கள் புழங்கிய பெரிய கேமராக்களின் பிலிம் 8க்கு 10 அங்குலம் வரை இருந்தது. உங்கள் சென்சாரைவிட நீளத்தில் 10 மடங்குக்கும் மேல். பிலிம் பெரிதானால், அதே எஃப் எண்ணில் ஆழமும் ஒளி பரவலின் பாதிப்பும் அந்த விகிதத்தில் சுருங்கும். கணக்குப் போட்டால் அவர்களுடைய எஃப் 64, உங்கள் கையில் இருக்கும் கேமராவில் ஏறக்குறைய எஃப் 6. எண்ணை மட்டும் கடன் வாங்கினால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எம் மோடில் (எல்லா எண்ணையும் நாமே வைக்கும் மேனுவல் மோடு) எடுத்தால்தான் நல்ல படம் வருமா?

இல்லை. கேமராவைக் கையில் பிடித்து எடுக்கும்போது, வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும்போது, அப்பர்ச்சர் மோடு போதும். எஃப் எண்ணை நீங்கள் சொல்லுங்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். இரவு வானம், நீண்ட எக்ஸ்போஷர் (ஷட்டரை வெகுநேரம் திறந்துவைத்து எடுப்பது), பல படங்களை ஒட்டிச் செய்யும் பனோரமா, இந்த மூன்றுக்கும் எம் மோடு அவசியம். நான் இன்றும் பெரும்பாலும் அப்பர்ச்சர் மோடில்தான் எடுக்கிறேன்.

கன்னியாகுமரி சூரிய உதயம். வானத்தைச் சரியாக எடுத்தால் பாறை கறுப்பு, பாறையைச் சரியாக எடுத்தால் வானம் வெள்ளை. மூன்று முறை போய் வந்துவிட்டேன், சார். (ஆசிரியர், நாகர்கோவில்)

பாறையின் நிழலும் உதிக்கும் சூரியனும் ஒரே சட்டத்தில் இருக்கும்போது அந்த வித்தியாசத்தை எந்த கேமராவாலும் முழுதாகத் தாங்க முடியாது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். எதை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கேமராவிடம் விட்டால் அது இரண்டையும் பாதிப்பாதியாகக் கெடுக்கும்.

நான் வானத்தைக் காப்பாற்றுவேன். வெளுத்துப்போன வானத்தில் திரும்ப எடுக்க எதுவும் மிஞ்சாது. இருண்ட நிழலில் நிறையத் தகவல் ஒளிந்திருக்கும். அதற்கு ஜேபெக் போதாது, ரா கோப்பாக (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) எடுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8 அல்லது 11, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா அளந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1. ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். வலது சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் இன்னும் குறையுங்கள். சூரிய வட்டம் மட்டும் வெளுத்தால் பரவாயில்லை, அதைச் சுற்றியுள்ள ஆரஞ்சு நிறம் தப்பினால் போதும். நிழலை வீட்டில் மென்பொருளில் தூக்கிக்கொள்ளலாம். மைனஸ் 2, 0, பிளஸ் 2 என்று மூன்று படம் எடுத்து இணைக்கும் வழியும் உண்டு. ஆனால் அலையும் படகும் மூன்று படத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும் என்பதால் கடலுக்கு நான் அதை விரும்புவதில்லை. சொல்லப்போனால், திருவள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் கறுப்பு உருவமாகவே நிற்கட்டுமே! அந்த வெளிக்கோட்டைப் பார்த்ததும் தமிழ்நாட்டில் யாருக்கும் இடம் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஐரோப்பியர்கள் எழுதிய குறிப்புகளில் 'பொன்னொளி ஒரு மணி நேரம்' என்று படித்திருப்பீர்கள். கன்னியாகுமரி இருப்பது 8 பாகை வட அட்சரேகையில். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறும். உதயத்துக்கு முன் நிறம் கூடி வருவது 20 நிமிடத்துச் சமாச்சாரம், உதித்தபின் அடுத்த 25 நிமிடத்துக்குள் வெயில் வெள்ளையாகிவிடும். உதய நேரத்துக்கு 40 நிமிடம் முன்பே முக்காலியை நிறுத்தி, ஃபோகஸ் வைத்துத் தயாராக இருங்கள். ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் இருந்தால் கேமரா அந்தச் செம்மையைக் 'குறை' என்று நினைத்துத் திருத்திவிடும். டேலைட்டில் வையுங்கள். அப்புறம், ஆப்டிகல் வியூஃபைண்டர் (கண் வைத்து லென்ஸ் வழியே நேராகப் பார்க்கும் துளை) உள்ள கேமராவில் டெலி லென்ஸ் (தொலைவை அருகில் காட்டுவது) வழியாகச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். கண் போய்விடும், திரையில் பாருங்கள்.

கொடைக்கானலில் மூடுபனி நேரில் வெள்ளை வெளேரென்று இருந்தது. படத்தில் அழுக்குச் சாம்பலாக வந்திருக்கிறது. ஏன்?

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொண்டு அளக்கும். சட்டம் முழுக்கப் பனி என்றால் 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும். பிளஸ் 0.7 முதல் பிளஸ் 1.3 வரை கூட்டுங்கள், வெள்ளை திரும்பி வரும். பனியில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். கறுப்பாகத் தெரியும் ஒரு மரத்தண்டின் விளிம்பைப் பிடியுங்கள். தூண் பாறையில் பனி விலகும் அந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் காம்பன்சேஷனைத் திரும்ப 0க்குக் கொண்டுவர மறக்காதீர்கள். நான் மறந்து, நல்ல காட்சி ஒன்றை வெளுக்க விட்டிருக்கிறேன்.

குற்றாலத்தில் அருவி பட்டு மாதிரி வழிய வேண்டும். என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி) வாங்கியே தீர வேண்டுமா? (தென்காசி வாசகி)

இங்கே முதலில் பூட்ட வேண்டியது ஷட்டர் வேகம். பட்டு மாதிரி வேண்டுமென்றால் கால் நொடி முதல் ஒரு நொடி வரை. மேகமூட்டமான காலையில், மரநிழலில் இருக்கும் சிறிய ஓடை என்றால் ஐஎஸ்ஓ 100, எஃப் 11லேயே அரை நொடி கிடைத்துவிடும். ஃபில்டர் வேண்டாம். திறந்த வெளியில் விழும் அருவிக்கு அதே அமைப்பில் 30இல் ஒரு நொடிதான் (நொடியின் 30இல் ஒரு பங்கு) வரும். அப்போது 6 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) என்டி போட்டால் 64 மடங்கு கூடி 2 நொடி ஆகும். ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் நான் போலரைசரைச் சொல்வேன். ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் குறைக்கும், ஈரப் பாறையிலும் இலையிலும் உள்ள வெள்ளைப் பளபளப்பையும் எடுத்துவிடும். ஃபில்டரை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பாருங்கள், இலையின் பச்சை திடீரென்று எழுந்து வருவது கண்ணுக்கே தெரியும். பின்னால் எந்த மென்பொருளாலும் இதைக் கொண்டுவர முடியாது.

ஆனால் ஒரு வேண்டுகோள். சீசனில் பேரருவி கொட்டும்போது அதைப் பட்டாக்காதீர்கள். அந்த இரைச்சலும் வேகமும் 2 நொடியில் வெறும் பால் திரையாகிவிடும். 8இல் ஒரு நொடி வைத்தால் தண்ணீரில் நூல் நூலாக ஓட்டம் தெரியும். 500இல் ஒரு நொடி வைத்தால் துளி துளியாக உறையும். சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும், இரண்டு படத்துக்கு ஒரு முறை மெல்லிய துணியால் துடையுங்கள்.

சித்ரா பௌர்ணமி அன்று கடலில் எழும் நிலவைக் கரையோடு சேர்த்து எடுத்தேன். நிலவு வெறும் வெள்ளைப் பொட்டு.

நிலவு வெயிலில் கிடக்கும் ஒரு பெரிய பாறை. இரவானாலும் அதன்மேல் விழுவது பகல் வெளிச்சமே. வானில் உயர்ந்த முழு நிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 100இல் ஒரு நொடி போதும். கரையோ இருட்டு. கரைக்கு அளந்தால் நிலவு வெளுக்கும்.

1941இல் நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூரின் மேல் நிலவு எழுந்திருந்தபோது ஆன்செல் ஆடம்ஸுக்கு ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்று நினைவில் வைத்திருந்தார். அதை வைத்தே கணக்கிட்டு எடுத்தார். அவருடைய ஆகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று அது.

உங்களுக்கு என் யோசனை: பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள். நிலவு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். ஆகவே சதுர்த்தசி அன்று சூரியன் மறைவதற்கு முன்பே அது கீழ்வானில் வந்து நிற்கும். கரையிலும் அந்தி வெளிச்சம் இருக்கும். நிலவும் நிலமும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும் நேரம் சூரியன் மறைவதை ஒட்டிய 15, 20 நிமிடம்தான். காலண்டரில் திதியைப் பார்த்துக் கிளம்புங்கள். 18 மி.மீ. லென்ஸில் நிலவு கடுகளவாகத் தெரியும். 300 மி.மீ. வைத்தாலும் சென்சார்மேல் அதன் அகலம் 3 மி.மீ. வராது. பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கோபுரம், கலங்கரை விளக்கம் போன்ற ஒன்றிலிருந்து வெகுதூரம் பின்னால் போய், டெலி லென்ஸில் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்.

ஜவ்வாது மலையில் பால்வெளி மண்டலம் எடுக்கலாமா? கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் போதுமா? (வாணியம்பாடி)

எடுக்கலாம். இருண்ட வானம் வேண்டுமென்றுதான் அந்த மலையில் காவலூர் வானாய்வகமே அமைந்தது. அமாவாசையை ஒட்டி, மார்ச் என்றால் விடியலுக்கு முன், மே என்றால் நள்ளிரவுக்கே, தெற்கு நோக்கி நில்லுங்கள்.

இங்கே முதலில் பூட்டுவது நேரம். பூமி சுழல்வதால் நீண்ட எக்ஸ்போஷரில் நட்சத்திரம் கோடாகும். 500ஐ முழு சட்டக் (35 மி.மீ. பிலிம் அளவுள்ள சென்சார்) கணக்கிலான குவியத் தூரத்தால் வகுங்கள். உங்கள் சென்சார் அதைவிடச் சிறியது என்பதால் 18 மி.மீ.ஐ 1.5ஆல் பெருக்கினால் 27 ஆகும். 500ஐ 27ஆல் வகுத்தால் சுமார் 18 நொடி. நான் 15இல் நிற்பேன். அப்பர்ச்சர் முழுக்கத் திறந்து எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200. குறுமணி வரத்தான் செய்யும், பயப்படாதீர்கள். ஆட்டோஃபோகஸ் இருட்டில் வேலை செய்யாது. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் வளையத்தைத் திருப்புங்கள். காட்டுப் பகுதிக்குள் இரவில் அனுமதியில்லாமல் போகாதீர்கள், ஊர்க்காரர் ஒருவர் துணையோடு ஊர் எல்லையிலேயே நின்று எடுக்கலாம்.

என்னிடம் போன் மட்டும்தான். எங்கள் வயலை எடுத்தால் பச்சை வெளிறிப்போகிறது. (விவசாயி, திருவாரூர்)

போனே போதும், ஐயா. பெரும்பாலான போனில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. சென்சார் சின்னது என்பதால் வரப்பிலிருந்து அடிவானம் வரை தானாகவே தெளிவாக இருக்கும். உங்கள் கையில் இருப்பது வெளிச்சமும் நேரமும். மதிய வெயிலில் எடுக்காமல், மாலையில் சூரியனுக்கு எதிர்முகமாக நின்று பாருங்கள். ஒளி இலையை ஊடுருவி வரும்போது இளம் பயிர் விளக்கு ஏற்றியது போல் இருக்கும். திரையில் வானத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். விரலால் பெரிதாக்காமல் இரண்டடி நடந்து கிட்டே போங்கள். எடுக்கும் முன் லென்ஸை வேட்டி நுனியால் ஒரு துடைப்பு. உங்களைப் போல் அந்த வயலை நாற்று முதல் அறுப்பு வரை பார்க்கிறவர் வேறு யாரும் இல்லை. ஒரே வரப்பில் நின்று வாரம் ஒரு படம் எடுத்துவைத்தால் அதைப் பார்க்க நான் ஆசைப்படுவேன்.

முக்காலி வைத்து எடுத்தும் படம் ஆடியிருக்கிறது. தனுஷ்கோடியில் எடுத்தது.

லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பை அணைத்தீர்களா? முக்காலியில் அது சில லென்ஸ்களில் தானே ஆட்டத்தை உண்டாக்கும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமர் போடுங்கள். தனுஷ்கோடிக் காற்றுக்கு நடுக்கம்பத்தை உயர்த்தவே கூடாது. கால்களை மணலில் அழுத்தி இறக்கி, பையை நடுவில் தொங்கவிடுங்கள், அதுவும் காற்றில் ஊசலாடாமல் தரையைத் தொட்டபடி. வீட்டுக்கு வந்ததும் முக்காலியின் கால்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உப்பு உள்ளே தங்கிவிட்டால் அடுத்த முறை பூட்டு திறக்காது.