மலாய் தெரிந்தால் இந்தோனேசியாவில் சமாளிக்க முடியுமா?

தாராளமாக முடியும், வேர் ஒன்றுதான். ஜாவானிய மொழி பேசுவோரே அதிகம் இருந்தும், 1928-இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கூடிய இளைஞர்கள், தீவுகளுக்கிடையே வணிகத்தில் புழங்கிய மலாயையே 'இந்தோனேசிய மொழி' என்று ஏற்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

சொற்களில் மட்டும் கவனம் தேவை. 'பெர்ச்சுமா' என்றால் மலேசியாவில் இலவசம், இந்தோனேசியாவில் வீண். 'பூடாக்' மலேசியாவில் சிறுவன், அங்கே அடிமை! அப்புறம், மலேசியாவுக்குள்ளேயே கிளந்தான் மாநிலப் பேச்சு வேறு மாதிரி. சாப்பிடுவதைக் குறிக்கும் 'மக்கான்' அங்கே 'மக்கே' ஆகிவிடும்.

தமிழருக்கு இன்னொரு வசதி: 'கெடாய்' நம் கடை, 'கப்பால்' நம் கப்பல், முதலீட்டைக் குறிக்கும் 'மோடால்' நம் முதல்.