ஆய்வுக்குப் பணம் எங்கே, எப்படி? மருத்துவ மாணவர்களும் ஆய்வாளர்களும் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஐ.சி.எம்.ஆர். எஸ்.டி.எஸ்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவ மாணவர்களுக்குத் தரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை, பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் ஒருவருக்கு எழுதும் பதிலை எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள். தொகைகளை முழு எண்ணாக்கித் தந்திருக்கிறேன். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீங்களே படியுங்கள். அதைப் படிக்காமல் எனக்கு எழுதியவர்கள் இந்த மாதமும் நிறையப் பேர்.

கேள்வி: எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எஸ்.டி.எஸ்.ஸுக்கு எந்தத் தலைப்பு எடுத்தால் நிச்சயம் கிடைக்கும்? (மாணவி, திருநெல்வேலி)

அப்படி ஒரு தலைப்பு கிடையாது. 1979-லிருந்து நடக்கும் திட்டம் இது. இரண்டு மாத வேலை, 50,000 ரூபாய். அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் பணம் வரும். கைடு உங்கள் கல்லூரியிலேயே முழுநேர ஆசிரியராக இருக்கவேண்டும். ஹவுஸ் சர்ஜன் ஆன பிறகு விண்ணப்பிக்க முடியாது, ஆகவே நீங்கள் சரியான நேரத்தில்தான் கேட்கிறீர்கள்.

'பொதுமக்களிடையே சர்க்கரை நோய் விழிப்புணர்வு' என்ற தலைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. போய் ஓ.பி.யில் உட்காருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி கொண்டுவந்த கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பாட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். தொப்புளுக்கு இடது பக்கம் எலுமிச்சம்பழ அளவில் மெத்தென்று ஒரு தடிப்பு. "அங்கே குத்தினா வலிக்காதும்மா" என்று பாட்டி தினமும் அதே இடத்தில் போட்டுவந்திருக்கிறார், அதுவும் ஒரே ஊசியை வாரக்கணக்கில். அந்தத் தடிப்பில் போகும் இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. அந்த ஓ.பி.க்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு இப்படித் தடிப்பு இருக்கிறது, ஒரே ஊசியை எத்தனை முறை பயன்படுத்துகிறார்கள், சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதுதான் அவள் கேள்வி. நூறு நோயாளிகள், இரண்டு கைகள், ஓர் இஞ்ச் டேப். இரண்டு மாதத்தில் முடிகிற வேலை. கிடைத்தது.

ஆய்வுக்கு ஒப்புதல் தரவேண்டிய உங்கள் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி எப்போது கூடுகிறது என்பதை இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள்.

கேள்வி: ஜே.ஆர்.எஃப். (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்) இப்போது எவ்வளவு? (கோவை)

முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, பிறகு சீனியர் நிலையான எஸ்.ஆர்.எஃப். 42,000. வீட்டு வாடகைப் படி தனி, ஊரைப் பொறுத்தது.

கேள்வி: மருத்துவ ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் எல்லா ஃபெல்லோஷிப்களின் பட்டியலையும் அனுப்பவும். (பெயர் இல்லை, ஊர் இல்லை)

அனுப்ப மாட்டேன். நீங்கள் பி.எஸ்சி. படிக்கிறீர்களா, டி.எம். முடித்தவரா, வயது 22-ஆ, 45-ஆ, எதையும் எழுதவில்லை. உங்கள் தகுதியைத் தெரிந்துகொள்ளாமல் பட்டியல் கொடுத்தால் பொருந்தாத பத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, பொருந்துகிற ஒன்றைத் தவறவிடுவீர்கள். படிப்பு, வயது, இப்போது இருக்கும் நிலை, செய்ய விரும்பும் வேலை என்று நான்கு வரி எழுதுங்கள். கட்டாயம் பதில் தருகிறேன்.

கேள்வி: எங்களுடையது மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. ஜீனோமிக்ஸ் லேப் எல்லாம் கிடையாது. எங்களுக்கு யார் பணம் தருவார்கள்? (உதவிப் பேராசிரியர்)

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வை நினைத்துப் பாருங்கள். இன்று அது ஐ.சி.எம்.ஆரின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அன்றைய கேள்வி ஒன்றே ஒன்று: சானடோரியத்தில் படுக்க வைத்து மருந்து கொடுப்பதும், நெருக்கடியான ஏழைக் குடித்தனத்தில் வீட்டிலேயே வைத்து அதே மருந்தைக் கொடுப்பதும் ஒரே பலனைத் தருமா? இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகள், ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டு மருந்துகள், ஓராண்டு. வீட்டுச் சிகிச்சை சளைத்ததில்லை என்று தெரிந்தது, வீட்டில் இருந்தவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. 1959-இல் முடிவு வெளியானபின் உலகம் முழுக்கக் காசநோயாளியைப் படுக்க வைக்கும் பழக்கமே மாறத் தொடங்கியது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (எம்.ஆர்.சி.) என நான்கு தரப்பும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. உங்களிடம் லேப் இல்லை, ஆனால் தினமும் ஆயிரம் பேர் வரும் ஓ.பி. இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் உங்கள் மாதிரிக் கல்லூரிகளைக் கூட்டாளியாகத் தேடுவது அதற்காகத்தான். முதலில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் (என்.ஐ.இ.) நடத்தும் ஆய்வு முறை இணைய வகுப்பை உங்கள் துறையில் எல்லோரும் முடியுங்கள். படிக்கக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும்தான்.

கேள்வி: முதல் புரபோசலிலேயே செல்களை ஆராயும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவி வாங்கலாம் என்றிருக்கிறேன். (சென்னை)

வேண்டாம். ஐ.சி.எம்.ஆரின் சிறு மானியப் பிரிவிலேயே 2 கோடி வரை கேட்க முடியும் என்பதற்காகக் கருவியால் நிரப்பாதீர்கள். பக்கத்தில் எந்த நிறுவனத்தில் அந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்து, சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணத்தை பட்ஜெட்டில் போடுங்கள். திட்டம் முடிந்த மறுநாள் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாத கருவியைக் கேட்டால் கமிட்டி அந்த வரியிலேயே நின்றுவிடும்.

கேள்வி: ஒரு திட்டத்தில் ஜே.ஆர்.எஃப்.பாக இருக்கிறேன். ஏழு மாதமாகச் சம்பளம் வரவில்லை. கைடிடம் கேட்டால் "டெல்லியிலிருந்து வரவில்லை" என்கிறார். நான் யாரிடம் போவது? (ஆய்வு மாணவர், மதுரை)

இந்த ஒரு கடிதத்துக்காகவே இந்த முறை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பணம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். திட்டம் அனுமதியானதும் முதல் தவணை வரும். அடுத்த தவணை தானாக வராது. மார்ச் 31-உடன் கணக்கை முடித்து, செலவுக் கணக்கும் யூ.சி.யும் (பணம் உரிய வேலைக்கே செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழ்) ஆண்டறிக்கையும் போகவேண்டும். யூ.சி.யில் பி.ஐ. (திட்டத்தின் முதன்மை ஆய்வாளர்), நிதி அலுவலர், நிறுவனத் தலைவர் என ஒவ்வொருவர் கையெழுத்தும் வேண்டும். வங்கியில் கிடந்த பணத்துக்கு வட்டி வந்திருந்தால் அதையும் காட்டி அரசுக்குத் திருப்பிச் செலுத்தவேண்டும். இதில் ஒரு தாள் குறைந்தாலும் அடுத்த தவணை நிற்கும். டெல்லியிலும் தாமதம் உண்டு, அதை மறுக்கவில்லை. பணம் அனுப்பும் முறையை மாற்றியபோதெல்லாம் நாடு முழுக்க மாணவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவற்றில் ஃபைல் கல்லூரியின் வாசலையே தாண்டியிருக்கவில்லை.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒன்பது மாதம் பணம் வரவில்லை. எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. எனக்கும் 'டெல்லி' என்ற பதில்தான். ஒருநாள் கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் இரக்கப்பட்டு அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஃபைலை எடுத்துக் காட்டினார். யூ.சி.யில் ஒரு தொகைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. முந்நூற்றுச் சொச்ச ரூபாய் வட்டியைச் சேர்க்கவில்லை. அந்தக் கேள்விக்குறியைப் போட்டவர் யாரிடமும் சொல்லவில்லை, கைடும் ஃபைல் என்ன ஆனது என்று கேட்கவில்லை. அந்த ஒன்பது மாதமும் மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து மெஸ் பாக்கி கட்டினேன். என் பக்கத்து மேசையில் இருந்தவன் என்னைவிடக் கெட்டிக்காரன். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய கட்டாயத்தில் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அந்தக் கேள்விக்குறியை இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

ஜே.ஆர்.எஃப். 25,000-லிருந்து 2019-இல் 31,000 ஆனதும், 2023-இல் 37,000 ஆனதும் ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டதால்தான். அந்தத் தொகை மாதம் பிறந்தால் கைக்கு வரவேண்டும் என்பதை ஏன் இன்னும் தனித்தனியாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்?

நீங்கள் செய்யவேண்டியது: அனுமதி ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, எந்தத் தவணை வரை வந்திருக்கிறது என்று பாருங்கள். யூ.சி. எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் போனது என்று கைடிடம் மரியாதையாக, மின்னஞ்சலில் கேளுங்கள். போயிருந்தால், நிதி தரும் நிறுவனத்தில் உங்கள் திட்டத்தைக் கவனிக்கும் அலுவலருக்குக் கைடை எழுதச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் டீனுக்கு எழுத்து மூலம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கடைசிக்கு வையுங்கள். அதுவரை நிறுவனம் தன் ஓவர்ஹெட் பணத்திலிருந்து (திட்டத்தில் நிறுவனச் செலவுக்கென்று வரும் பங்கு) முன்பணம் தருமா என்றும் கேளுங்கள், தரும் இடங்கள் இருக்கின்றன.

இதைப் படிக்கும் கைடுகளுக்கு ஒரு வார்த்தை: ஏப்ரல் முதல் வாரத்தில் யூ.சி.யை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போங்கள். உங்கள் திட்டத்தை நம்பி ஒரு பிள்ளை வீட்டு வாடகை கட்டுகிறது.

கேள்வி: வெளிநாட்டு ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு நான் தேர்வாகிவிட்டதாக வாட்ஸாப்பில் செய்தி வந்தது. 15,000 ரூபாய் ப்ராசசிங் கட்டணம் கேட்கிறார்கள். (சேலம்)

மோசடி. கட்டாதீர்கள், கட்டியிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். நுழைவுத் தேர்வுக்குக் கட்டணம் உண்டு, தேர்வான பிறகு பணம் கேட்கும் ஃபெல்லோஷிப் கிடையாது. விண்ணப்பிக்காத ஒன்றுக்கு எப்படித் தேர்வாவீர்கள் என்பதையும் யோசித்திருக்கலாம்.

கேள்வி: எம்.டி. முடித்துவிட்டேன், பிஎச்.டி. இல்லை. முழுநேர ஆராய்ச்சிக்கு வர முடியுமா? (வேலூர்)

முடியும். இந்தியா அலையன்ஸ் என்று நாம் சொல்லும், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் (டி.பி.டி.) பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் திட்டத்தின் மருத்துவ, பொதுச் சுகாதார ஃபெல்லோஷிப்கள் உங்கள் மாதிரி மருத்துவர்களுக்கும் உரியவை. 2008-09-இல் தொடங்கிய இதன் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. நேர்காணல் கடுமையாக இருக்கும். வாரத்தில் எத்தனை மணி நேரத்தை ஆராய்ச்சிக்கென்று உங்கள் மருத்துவமனை விட்டுத்தரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பிஎச்.டி. முடித்து, இரண்டு குழந்தைகள் பிறந்து ஆறு ஆண்டு இடைவெளி. வயது 38. இனி யார் எடுப்பார்கள்? (திருச்சி)

எடுப்பார்கள் அம்மா. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-பி.டி.எஃப்., உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோகேர் இரண்டுமே பெண்களுக்கானவை, வயது வரம்பும் தாராளம். இந்தியா அலையன்ஸில் வயது வரம்பே இல்லை, இடைவெளியைக் கழித்துத்தான் அனுபவத்தைப் பார்ப்பார்கள். இடைவெளியை மறைக்கவோ அதற்கு மன்னிப்புக் கேட்கவோ வேண்டாம், ஒரே வரியில் உள்ளபடி எழுதுங்கள். முதல் வேலையாக உங்கள் துறையில் இந்த ஆறு ஆண்டில் வந்த கட்டுரைகளில் இருபதைப் படியுங்கள். விண்ணப்பத்தில் இந்த ஆறு ஆண்டில் வந்த மேற்கோளே இல்லையென்றால் அதுதான் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: அடுத்த மாதம் லிஸ்பனில் போஸ்டர். பயண உதவி? (புதுச்சேரி)

தாமதம். ஐ.சி.எம்.ஆரிலும், மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப்.பிலும் பயண உதவி உண்டு, ஆனால் சில மாதங்களுக்கு முன்பே கேட்கவேண்டும். மாநாடு நடத்துபவர்களிடம் பதிவுக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று இன்றே எழுதுங்கள்.

கேள்வி: மருந்து ஆய்வுக்குப் பணம் வந்துவிட்டது. சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவை, நோயாளிகளைச் சேர்த்த பிறகு செய்யலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிந்திருக்கவேண்டும். பதிவு இலவசம். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வந்த அன்றே உட்கார்ந்து பதியுங்கள்.

கேள்வி: சர்க்கரைப் புண்ணுக்கு ஒரு கட்டுத்துணி உருவாக்கியிருக்கிறோம். ஆய்வு மானியமா, ஸ்டார்ட்அப் மானியமா? (கோவை)

விற்கும் பொருளாக்க நினைத்தால், உயிரித் தொழில்நுட்பத் துறையின் தொழில் ஊக்குவிப்பு நிறுவனமான பைராக்கின் பிக் மானியம்: 50 லட்சம் வரை, 18 மாதம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் அதை எந்த மாநாட்டிலும் போஸ்டராகப் போடாதீர்கள்.

கேள்வி: புரபோசல் இரண்டாம் முறையும் நிராகரிக்கப்பட்டது. விட்டுவிடலாமா? (நாகர்கோவில்)

நீங்கள் இணைத்த இரண்டு மதிப்பீடுகளையும் படித்தேன். இரண்டிலுமே 'சாம்பிள் அளவு எப்படி வந்தது என்று விளக்கவில்லை' என்று இருக்கிறது. முதல் முறை சொன்னதைத் திருத்தாமலே மறுபடி அனுப்பியிருக்கிறீர்கள். கேள்வி நன்றாக இருக்கிறது, விடாதீர்கள். ஒரு புள்ளியியலாளரோடு ஒரு மதியம் உட்கார்ந்து அந்தப் பத்தியை எழுதி முடித்து, அடுத்த அழைப்பில் அனுப்புங்கள். கடைசி நாள் இரவில் அல்ல, ஒரு வாரம் முன்பே.